கண்டுபிடிக்க ஆகும் நேரம்

என் வேலை எளிது.
ஒரு மர மேடை, ஒரு தொலைநோக்கி, கையில் ஒரு பொத்தான்.
எதிரே எங்கோ எஸ்கில் நிற்பான்.
கண்டதும் அழுத்த வேண்டும்.
நொடிகளைக் குன்வோர் குறித்துக்கொள்வாள்.

யொக்மொக்குக்கு வடக்கே செப்டம்பரின் பிர்ச் காடு.
பதினோரு சீருடைகள். பெயர் கிடையாது, எண் மட்டும்.
முதல் எண் பழைய பாணி: பெரிய பெரிய பச்சைத் துண்டுகள்,
யாரோ கோபத்தில் கத்தரித்துப் போட்டது போல.
நூறு மீட்டரில் அது காடு.
இருபது மீட்டரில் வெறும் துணி.
நான்காம் எண்ணில் பொடிப்பொடிச் சதுரங்கள்,
கணினி இறைத்த குருணை.
பக்கத்தில் பார்த்தால் இலையேதான்;
தள்ளிப்போனால் எல்லாம் கலந்து ஒரே சாம்பல்,
காட்டில் ஆள் அளவுக்கு ஓர் ஓட்டை.
எட்டு நொடி.

அப்புறம் கடலோரத் தீவுகள்.
இளஞ்சிவப்பு ஓடிய கருங்கல்லில்
மஞ்சளாய்ப் பூத்திருந்தது கற்பாசி.
ஏழாம் எண்ணுக்குச் சாயம் போட்டவர்
அந்த மஞ்சளை முழங்காலிட்டு அளந்திருக்க வேண்டும்.
இரண்டு நிமிடம் பதினாறு நொடி தேடினேன்.
ஒரே ஒரு பாறையில் மட்டும்
இறங்கப் போன ஆலா இறங்காமல் திரும்பியது.
அழுத்தினேன்.
பறவையைக் கேட்டுப் பதில் எழுதக் கூடாது என்றாள் குன்வோர்.

தூர தேசம் போகிறவர்களுக்கும் ஒன்று இருந்தது.
எங்களிடம் பாலைவனம் ஏது?
லூலியோவுக்கு வெளியே மணல் குவாரி ஒன்று, லாரிகள் ஓய்ந்த பின்.
கண்ணில் மண்ணைத் தூவுவது இவ்வளவு நேர்த்தியான தொழில் என்று
அன்றுதான் தெரிந்தது.
ஆனால் மாலை நான்கு மணிக்கு,
எந்தச் சாயப் பட்டறைக்கும் போகாத ஒன்று
அவன் காலடியிலிருந்து நீளமாய்க் கிளம்பியது.
நிழலுக்குச் சீருடை தைத்தவர் இல்லை.

ஜனவரியில், ஒப்பீட்டுக்காக,
பச்சை உடையைப் பனியில் நிறுத்தினார்கள்.
சோற்றில் முழுப் பூசணிக்காய்.
முக்கால் நொடி. எல்லோரும் சிரித்தோம்,
தூரத்தில் எஸ்கிலும் கையை ஆட்டினான்.
பிறகு வெள்ளைகள்.
புத்தம் புதியது பனியைவிட வெளுப்பு,
விளம்பரப் பல்போல் பளீரென்று தோற்றது.
வென்றது மூன்று வருடம் துவைத்து
முட்டியில் எண்ணெய்க் கறை ஏறிய கந்தல்.
பனி வெள்ளை இல்லை.
காலையில் நீலம், மதியம் வேறு ஏதோ,
அதற்கு எங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை.

மார்ச்சில் எண்கள் சரிந்தன.
ஆறு நொடி. நான்கு. மறுபடி நான்கு.
காட்டில், கல்லில், பனியில்,
எந்தத் துணிக்குள் இருந்தாலும்.
எப்படி, என்றாள் குன்வோர்.

இடது காலில்தான் பாரம் கொடுப்பான், என்றேன்.
வலது முட்டி கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும்.
குளிர் கூடினால் தலை சாயும், யாரோ கூப்பிட்டது போல.
முதுகுக்கு ஒரு மரம் இல்லாமல் நிற்கவே மாட்டான்,
உணவகத்தில் சுவரோரம் இடம் தேடுகிறவர்கள் மாதிரி.

அவள் பேனாவை மூடினாள்.
அப்படியானால் உன் கண் எங்களுக்கு ஆகாது.
அவனை மாற்றலாமே?
பதினோரு உடையும் அவன் அளவுக்குத் தைத்தது.

கடைசி நாள் வண்டி நிறுத்துமிடத்தில்
சிவப்புக் கம்பளிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து கைகொடுத்தார்.
புருவத்தில் தழும்பு, நினைத்ததைவிட வயது.
யாரென்று தெரியாமலே குலுக்கினேன்.
பனியில் திரும்பி நடந்தபோதுதான்,
அந்த வலது முட்டி.

வசந்தத்தில் அறிக்கை வந்தது. ஏழாம் எண் முதலிடம்.
என் கடைசி நாற்பத்திரண்டு அளவுகள் நீக்கப்பட்டிருந்தன.
அடிக்குறிப்பில் காரணம்:
இலக்கு, பார்வையாளருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆகிவிட்டது என்றுதான் இருந்தது.
அஃறிணையில்.