பதினொரு பக்கம்

அகழிக்கு அடியில் ஒரு சுரங்கம் எழுதினேன்,
பதினொரு பக்கம்.
முதலைக்கு மட்டுமே மூன்று.

சத்துவாச்சாரி மாடியறை. கரண்ட் இல்லை.
நைட் டூட்டிக்கு லீவு போட்டு வந்த ஜெபராணி
சுரங்க வாசலிலேயே நின்றுகொண்டாள்:
"இந்தக் காவலாளி பேரென்ன?"

பேர் வைக்கவில்லை.
தண்ணீர் குடிக்கிற சாக்கில் யோசித்து
"முனிரத்தினம்" என்றேன்.

"சாப்பிட்டானா?"
உருட்டினாள். இருபது முகப் பகடை
கட்டிலுக்கடியில் ஓடிற்று.
செல்போன் வெளிச்சத்தோடு குனிந்த இலியாஸ்
அங்கிருந்தே கத்தினான்:
பத்தொன்பது!

பத்தொன்பது விழுந்தால் நான் மழுப்பக்கூடாது.
சாப்பிடவில்லை.
மூன்று மாதமாகச் சம்பளமும் இல்லை.
(இதெல்லாம் எனக்கே அப்போதுதான் தெரியும்.)

கோட்டைப் பக்கம் விடிகையில்
நான்கு வீரர்களும் முனிரத்தினத்தோடு
அரண்மனைக்குக் கிளம்பியிருந்தார்கள்,
பாக்கி கேட்க.

முதலை பசியோடு கிடக்கிறது.
ஞாயிற்றுக்கிழமைக்குள்
ராஜாவுக்கு ஒரு பேர் வேண்டும்.