தொண்ணூற்றெட்டு வீதம்

நிரம்பிவிட்டது
என்றது சேவர், மாலை ஐந்தே முக்காலுக்கு,
செட்டியார் தெருக் கிளையில் இன்னும் வரிசை நிற்க.
அடகுக்கு வரும் ஒவ்வொரு நகைக்கும் மூன்று படம்:
முன்பக்கம், பின்பக்கம், தராசின் மேல்.
கேஸ் விலை ஏறும் மாதங்களில்
எங்கள் தட்டுகள் சீக்கிரம் நிறையும்.
இதை யாரும் வரைபடமாகப் போட்டதில்லை.

பம்பலப்பிட்டியில் கடை பூட்டுமுன்
துவான் ரிஃபாய் ஓடிப்போய் வாங்கி வந்தான்,
நாலு டெராபைட்,
தோசைப் பார்சலோடு ஒரே பையில்.
"பில் இருக்கு. சட்னி கொஞ்சம் பட்டிட்டுது."

யூனியன் பிளேஸ், ஏழாம் மாடி.
ஏசி இரைச்சலுக்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு
தட்டைச் செருகினேன்.
பச்சை விளக்கு இரண்டு தரம் சிமிட்டி நின்றது.
புதிதுக்கு ஒன்றும் தெரியாது.
முதலில் அதற்கு முத்திரை குத்தவேண்டும்,
நீ இனித் தனியாள் இல்லை என்று.
பிறகு குழுவில் சேர்க்கவேண்டும்.
எனக்கு முன் இங்கிருந்த அருள்நேசன்
கனடா போகுமுன் குழுவுக்கு வைத்த பெயர் 'பெட்டகம்'.
அவன் விட்டுப்போன ஒரே பகிடி.

மூன்று தட்டு, மூன்று அளவு, மூன்று வயது.
எல்லாவற்றையும் நாலு நாலு மெகாபைட்டாக நறுக்கி
ஒரே குவியலென்று நம்பவைத்திருக்கிறது மென்பொருள்.
மருதானை டீச்சரின் சங்கிலி,
வத்தளை மீன்காரியின் தோடு,
கொம்பனித்தெருவில் யாரோ ஒரு உம்மாவின் பதக்கம்,
எது எந்தத் தட்டில் என்று
கிளையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது.
தெரியவேண்டியதும் இல்லை.

ஆனால் இரண்டாவது தட்டு செத்துக்கொண்டிருந்தது.
காது கொடுத்தால் கேட்கும்,
பல்லிக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் ஒரு சத்தம்.
இடம் கூட்டினால் போதாது,
குடிபெயர்க்கவும் வேண்டும்.
பதினொன்று நாற்பதுக்குக் கட்டளையைத் தட்டினேன்.
0.02.
பதினைந்து விநாடி கழித்து 0.09.
ரிஃபாய் பார்சலைப் பிரித்தான்.

இந்த நகர்த்தலில் எனக்குப் பிடித்தது இது:
ஒரு துண்டையும் அது பறித்துக்கொண்டு ஓடாது.
முதலில் அங்கேயும் எழுதும்.
கொஞ்ச நேரம் ஒரே அட்டியல்
இரண்டு இடத்திலும் இருக்கும்.
இரண்டும் ஒன்றென்று உறுதியான பிறகுதான்
பழைய இடத்தின் கையை விடும்.
இடையில் கரண்ட் போனால்
விட்ட இடத்திலிருந்து தொடரும்.
எந்த லொறியும் எங்களை
அப்படி ஏற்றிப்போனதில்லை.

நாற்பத்தொன்றில் மழை.
லைட் ஒருதரம் துடிக்க யூபிஎஸ் கீச்சிட்டது.
கீழே காவலுக்கு நின்ற விமலதாச போனில்:
"உட ஹரித, மிஸ்?"
"ஹரி" என்றேன்,
திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

இந்தத் துண்டுகளில் எங்கோ
என் காப்புச் சோடியும் போய்க்கொண்டிருக்கிறது.
போன மார்கழி, வெள்ளவத்தைக் கிளை.
வரிசையில் நின்று,
'தொழில்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு.
ரூட் கணக்கு என் கையில்.
ஒரு வரியில் படத்தைத் திறக்கலாம்,
தவணைத் திகதியைப் பார்க்கலாம்,
பார்ப்பதோடு நிற்கவும் தேவையில்லை.
ரிஃபாய் கதிரையில் தூங்கிப்போயிருந்தான்.
அறுபத்துமூன்று.
அறுபத்துநாலு.
விரல்களைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு
எண்களை மட்டும் பார்த்திருந்தேன்.

நாலு பத்துக்கு நூறு.
வெறுமையான பழையதைக் குழுவிலிருந்து நீக்கி,
தொகுதியை நீட்டி,
கோப்பமைப்பை வளரச் சொன்னேன்.
இந்த வகைக்கு வளரத் தெரியும்,
சுருங்கத் தெரியாது,
எங்கள் வட்டியைப் போல.
தொண்ணூற்றெட்டு எழுபத்துமூன்றானது.
அவ்வளவு நேரமும் எந்தப் படமும்
ஒரு கணமும் இல்லாமல் போகவில்லை.
அதை ஒருவரும் கவனிக்கவில்லை, அதுதான் வேலை.

கழற்றிய தட்டு கைக்குள் சூடாக இருந்தது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல.
விடிந்ததும் அதில் துளை போடவேண்டும், மூன்று இடத்தில்.
ட்ரில் விமலதாசவிடம்.

கடற்கரைப் பக்கம் முதல் ரயில்.
எட்டரைக்குக் கிளைகள் திறக்கும்.
யாரோ ஒருத்தி
கழுத்துக்குப் பின்னால் கைகொண்டுபோய்க்
கொளுவியைத் தேடுவாள்.
மூன்று படம்.

இடம் இருக்கிறது.