ஐந்து வரை

கொம்பனித்தெரு வாசலில்
காவலாளி கேட்பார், "எந்தக் கொம்பனி?"
"நான்தான்" என்பேன்.
பதினொரு வருஷமாய்
"வேறு" என்ற கட்டத்துக்குள் என் பெயர்.

தீ வந்தால் என்ன செய்வதென்று
பழக்குவது தொழில்.
ஒரு சிவப்புச் சிலிண்டர், நெளிந்த வாளி,
பேரத்தில் தேய்ந்த கட்டணம்.

சான்றுக்கு விண்ணப்பித்தேன்.
மதிப்பீட்டாளர் திருமதி இஸ்ஸதீன்
கடைசி வாங்கில் இரண்டு மணித்தியாலம்
சிரிக்காமல் இருந்துவிட்டுச் சொன்னார்:
"கேள்வி கேட்கிறீர்கள்.
பதிலுக்கு நிற்பதில்லை."

வெள்ளவத்தை வரை பஸ்ஸில்
மனசுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன்.

இப்போது, கேட்டபின்
ஐந்து வரை எண்ணுகிறேன்.

மருதானைத் தையற்சாலையில்
நாலு கடந்தபோது
பொத்தான் தைக்கும் ஜெனோவா எழும்பினாள்:
"பின்கதவை இரவில பூட்டுறாங்களே, சேர்?"

மனேஜர் கைபேசியைப் பார்த்தார்.

அறிக்கையில் அதை எழுதினேன்.
கையொப்பத்துக்குக் கீழே
மை காயாத பதிவிலக்கம்.
முன்பென்றால் ஒரு நன்றிக் கடிதம் வந்திருக்கும்,
பூட்டு அங்கேயே கிடந்திருக்கும்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன்:
கொளுக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.
கட்டணமும் வந்தது, குறைக்காமல்.

கொம்பனித்தெருக் காவலாளி
இன்னும் "வேறு" என்றுதான் எழுதுகிறார்.
எழுதட்டும்.