ஆறு பற்றறி

கண்டென்சரிலை சூடு பட்டதும்
கடைக்குள்ளை மீன் மணம்.
தபால்கார மேரிதாஸ் எட்டிப் பாத்து
"இண்டைக்குப் பாரையோ?" எண்டிட்டுப் போனார்.

கையிலை பிடிச்சு விளையாடுற கறுத்தப் பெட்டி.
தொண்ணூற்றி நாலிலை பிரான்சிலையிருந்து
ஆரோ குடுத்தனுப்பினதாம்.
"ஒருக்காலும் போட்டுப் பாக்கேல்லை, தங்கச்சி.
அப்ப விசுவமடுவிலை
ஆறு பற்றறிக்கு எங்கை போறது?"

சைக்கிளைக் கவிட்டு மிதிச்சு
செய்தி கேட்ட காலம்.

போடாமலே பழுதாகியிருந்தது.
சும்மா கிடந்து ஒழுகி
செப்புக்கோட்டை அரிச்சு,
ஓரிடத்திலை கோடே இல்லை.
மயிர்க்கம்பி ஒண்டாலை தொடுத்தன்.
பழசு பத்தும் கழட்டி, ஸ்பிரிட்டாலை துடைச்சு,
புதுசு பத்து.
ஒண்டிலை பிளஸ் மைனஸ் மாறிப்போச்சு;
என்னையே பேசிக்கொண்டு திரும்பக் கழட்டினன்.

திரை வெளிச்சது.
பிறகு, எதிர்பாராமல், சத்தம்.

சரியோ எண்டு பாக்கத்தான் தொடங்கினன்.
மூண்டு உயிர் தந்தது.
மூண்டையும் முதல் பள்ளத்துக்குள்ளையே விட்டன்.
இன்னொருக்கா.
மத்தியானச் சோறு ஆறிப்போச்சு.

பின்னேரம் குணபாலன் வந்தார்,
கடதாசிச் சரைக்குள்ளை ஆறு புதுப் பற்றறி.
"விளையாடிப் பாத்தனீங்களோ?"

"இல்லை அண்ணை.
நீங்கள்தான் முதல் ஆள்."

என்ர ஆறும் தீந்து கிடந்த லாச்சியை
முழங்காலாலை தள்ளி மூடினன்.