ஓதம் திரும்புவதற்குள்

ஊற்றாத எண்ணெய் கூடியிருந்தது.
அளவுகம்பியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன்;
மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை.
முகர்ந்தேன். டீசல்.
சும்மா பெருகும் எதையும் நம்பக் கூடாதென்று
கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கியபோதே தெரிந்துகொண்டவள் நான்.

அச்சாவ் கரையில் கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது.
பொர்ஃபியாதா சேற்றில் ஒருக்களித்துப் படுத்தாள்,
மஞ்சள் வயிற்றுக் கொட்டலசுகளை
மழைக்குக் காட்டிக்கொண்டு.
பிடிவாதக்காரி என்று பெயர் வைத்தது நானேதான்,
யாரையும் குறை சொல்ல வழியில்லை.
மறுபடி மிதக்க ஐந்து மணி நேரம்.
விடிவதற்குள் தல்காவே துறையில்
நாற்பது மூட்டை சிப்பி இறங்கியாக வேண்டும்.

பம்ப் உள்ளங்கைக்குள் அடங்குகிறது.
இரண்டு போல்ட், இரண்டு குழாய்,
எஞ்சினின் விலாவுக்குள் நீளும் ஒரு நெம்பு.
உள்ளே கேம் அதைத் தட்டத் தட்ட
சவ்வு இழுக்கும், ஸ்பிரிங் தள்ளும்.
இழு. தள்ளு.
மூளை எதற்கு?

மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் குறுக்கே
ஒரு கோடு கீறிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்,
திரும்பப் பூட்டும்போது திசை தவறாதிருக்க.
ஆணியை வைத்தேன்.
அங்கே ஏற்கெனவே ஒரு கோடு.

எவாரிஸ்தோ ஒயார்சோவின் கோடு.
போன வருடத்துக்கு முந்தின வருடம்
"அசல் சாமான், இங்கிலாந்துச் சாமான்" என்று
தொண்ணூறாயிரம் பெசோவும் ஓர் ஆட்டுக்குட்டியும் வாங்கிப் போனான்.
ஆறு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினால்
லாரி ட்யூப்.
கத்தரியால் வெட்டிய கோணல் வட்டம்,
காய்ச்சிய ஆணியால் போட்ட ஓட்டைகள்,
ஓரத்தில் பழைய பஞ்சர் ஒட்டின் கால்பங்கு.

நான் சொன்னது இங்கே வேண்டாம்.
கடற்காகங்கள் கம்பத்தை விட்டு எழுந்தன.
அடியில் படுத்து
கெட்ட எண்ணெயை வாளிக்கு வடித்துக்கொண்டிருந்த
என் தம்பி நொல்பெர்த்தோ மட்டும் சொன்னான்:
"ரெண்டு சீசன் ஓடியிருக்கே, அக்கா."
டீசலில் அந்த ரப்பர் ஒரு மாதம் தாங்காது என்பார்கள்.
தாங்கியிருக்கிறது.
அதுதான் இன்னும் எரிந்தது.

புவெர்த்தோ மோந்திலிருந்து தபாலில் வந்த பையைக் கிழித்தேன்.
கறுத்த புதுச் சவ்வு, வழவழப்பாக.
வால்வு இரண்டு, இரட்டைப் பிள்ளைகள்போல.
ஒன்று மேல்நோக்க வேண்டும், ஒன்று கீழ்நோக்க.
பூட்டினேன். உள்வாயை விரலால் அடைத்து
கைநெம்பை அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
கோபத்தில் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்திருக்கிறேன்.
அதற்குள் தண்ணீர் சுக்கானைத் தொட்டுவிட்டது.

மறுபடி ஆறு திருகாணி.
ஒன்று கைநழுவி எண்ணெய் வாளிக்குள் விழ,
தோள்வரை விட்டுத் துழாவினேன்.
இந்த முறை அழுத்தியதும்
விரலைக் கவ்வியது பம்ப்,
பால் மறக்காத கன்றின் வாய்போல.
அவன் கோட்டுக்கு நேராகவே மூடியை வைத்தேன்.
கோடு மட்டும் சரியாகத்தான் கீறியிருந்தான்.

முழங்கால் தண்ணீரில் ஒயார்சோவே வந்தான்,
பக்கத்துப் படகின் கயிற்றை அவிழ்க்க.
அந்த ட்யூப் வட்டத்தை அவன் மூக்கெதிரே நீட்டினேன்.
முகம் மாறும் என்று காத்திருந்தேன்.
வாங்கி, வானத்துக்குப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கிழிசல் ஆணி ஓட்டையிலா, நடுவிலா?"
"ஓட்டையில்."
"ம்" என்றான்,
கணக்கில் ஒன்றைக் குறித்துக்கொண்டவன்போல,
திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தான்.
ஆட்டுக்குட்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நாற்பது தடவை கைநெம்பு.
காற்றுத் திருகில் முதலில் நுரை,
பிறகு கொப்புளம் கொப்புளமாக,
பிறகு சுத்தமான டீசல்.
அடிப்பாகம் சேற்றை விட்ட அந்தச் சின்ன அசைவுக்கும்
எஞ்சின் முதல் முறை இருமியதற்கும்
எது முந்தி என்று தெரியவில்லை.

ட்யூப் வட்டத்தைக் கடலில் எறியக் கையை ஓங்கினேன்.
நொல்பெர்த்தோ உதிரிச் சாமான் டப்பாவைத் திறந்து
ஒன்றும் சொல்லாமல் நீட்டினான்.