எண்பத்தைந்து டிகிரி

மூடி உப்பிய பாட்டில்கள் ஏழு
ராடொம் கடையிலிருந்து திரும்பி வந்தன.
ஆப்பிள் சாற்றின் மேல்
நனைந்த பஞ்சுபோல் ஒரு வெள்ளை.
துளி எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தேன்.
ஒரு பைக்குள் எட்டு வித்து.
எட்டும் திடமாக, பளபளவென்று,
வீட்டுக்காரர்கள் போல.

ரிஷார்த் கத்தினான்:
"எண்பத்தைந்து டிகிரி, யாத்விகா!
ஒரு நொடி குறைந்ததில்லை. பதிவேட்டைப் பார்."
பார்த்தேன்.
குறைந்ததில்லைதான்.

மற்றதெல்லாம் வெந்து செத்த சூட்டில்தான்
இது கண் விழித்தது என்று
அவனிடம் எப்படிச் சொல்ல?

அதுவரை அது உறங்கியதுகூட இல்லை.
உறங்குகிறவன் மூச்சாவது விடுவான்.
இது தன் நீரையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு
உள்ளிருந்த சர்க்கரையைக்
கம்பிப் பதம் தாண்டி, கல் பதமும் தாண்டி
கண்ணாடியாக இறுக்கி
அந்தக் கண்ணாடிக்குள்
எதுவும் புரண்டு படுக்காதபடி
தன்னை நிறுத்தி வைத்திருந்தது.

ஜனவரியின் மைனஸ் இருபது வந்து தட்டியது.
வசந்தத்தில் தெளித்த மருந்து தட்டியது.
வெயில், வறட்சி, மறுபடி பனி.
வீட்டில் யாருமில்லை என்று
சுவர் மட்டும் பதில் சொன்னது.
பிறகு எங்கள் குழாயின் கொதி தட்டியது.
இதோ வந்துவிட்டேன் என்று
கதவைத் திறந்தது.

மூடிய பாட்டிலில் காற்று போதாதே என்கிறான்.
அதற்குப் போதும்.

இது மண்ணில் கிடப்பது.
கிளையிலிருந்து கூடைக்கு வந்த பழத்தில்
இவ்வளவு வராது.
செப்டம்பரில் ஆலங்கட்டி மழை
ஸெனோனின் தோட்டத்தைப் பதினோரு நிமிடத்தில்
தரையில் கொட்டிவிட்டுப் போனது.
அவனும் இரண்டு பெண்களும்
டார்ச் வெளிச்சத்தில் சேற்றைத் துடைத்துத் துடைத்து
பெட்டிகளில் அடுக்கினார்கள்.
பாதி விலை கேட்டான்.
கால் விலை கொடுத்தோம்.
"மரத்தில் பறித்தது" என்ற சீட்டில்
இருக்கிற கையெழுத்து
என்னுடையது.

நாளை ரிஷார்த் தொண்ணூற்றைந்துக்கு ஏற்றுவான்.
சாறு தீய்ந்து மணக்கும்.
அவை எட்டில் எத்தனை சாகும்
என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அறிக்கையில் "எங்கிருந்து வந்தது" என்ற கட்டம்
இன்னும் காலி.
பேனா காய்ந்துவிட்டது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெந்நீரில் கை கழுவினேன்.
பிறகு யோசித்து
பச்சைத் தண்ணீரிலும்.