காற்றைப் புறக்கணிக்கவும்

பதினோரு ஆண்டுகளாக
வெப்பப் பரிமாற்ற வினாத்தாளில்
எட்டாவது கேள்வியின் வாலில்
நான்தான் எழுதிவந்தேன்:
காற்றைப் புறக்கணிக்கவும்.
பிள்ளைகளும் புறக்கணித்தார்கள்.
பதின்மூன்று மதிப்பெண் விழுந்தது.

இந்தப் பருவம் அகமதிப்பீட்டுத் தேர்வுக்குப் பதில்
ஒரு பொருள் செய்யச் சொன்னோம்.
மூக்கையூர்க் கரையில் நெத்திலி காயப்போடும்
சலேத் மேரிக்கு ஓர் உலர்த்தி.
நம்புசெல்வி வரைந்தாள்,
சீனி சுலைகா வெல்டிங் பிடித்தாள்,
ஜெரோன் கணக்குப் போட்டான்.
கறுப்புத் தகடு, அக்ரிலிக் மூடி,
அறுபத்திரண்டு டிகிரி
தாளில்.

ஆனி மாதம். கச்சான்.
இறக்கிவைத்து நாலு நிமிடம் ஆகவில்லை,
மூடி எழும்பி
உடைமரத்தைத் தாண்டி
யாருடைய வள்ளத்திலோ போய் விழுந்தது.
பிடிக்க ஓடிய ஜெரோனின்
ஒற்றைச் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாவதற்குக் கல் கட்டினோம்.
இடுக்கில் மணல் புகுந்தது.
சலேத் மேரி ஒரு நெத்திலியை மென்று, துப்பி,
"படிச்சிட்டுத்தான வந்தீக?" என்றாள்
யாரையும் பார்க்காமல்.
நான் என் மூக்குக்கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுக்குக் குனிய வேண்டியிருந்தது.
அவள் அடுப்படியில் அது இருக்கிறது,
வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

பிறகு ஒரு வாரம்
யாரும் எதையும் வரையவில்லை.
சுலைகா முதல் பஸ்ஸில் வந்து
மீன் பரத்தும் கைகளையே பார்த்திருந்தாள்.
செல்வி ஒரு சவுக்குக் கம்பில்
அடிமுதல் நுனிவரை கிரீஸ் தடவி
மணலில் ஊன்றிவிட்டு
டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால்
முழங்கால் உயரம்வரை மணல் அப்பியிருக்கிறது.
அதற்கு மேலே
கம்பு சுத்தம்.
மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.
ஜெரோன் நோட்டைத் திறந்து
அறுபத்திரண்டை அடித்தான்.

நாலாவதுக்கு மூடியே இல்லை.
இடுப்பு உயரக் கால்கள்,
கச்சானைப் பார்த்துத் திறந்த வாய்,
உள்ளே சாய்வாய் வலைத்தட்டு.
மூன்று மணிக்கு நெத்திலி சலசலத்தது.
கிழக்கு மூலையில் மட்டும் ஈரம்,
ஏனென்று தெரியவில்லை.

அன்றிரவு வினாத்தாள் எழுத உட்கார்ந்தேன்.
எட்டாவது கேள்வியில் கை பழக்கத்தில்
'காற்றைப்' என்று எழுதி நின்றது.
அடித்துவிட்டு எழுதினேன்:
உன் ஊர்க் காற்று மணலை
எவ்வளவு உயரம் தூக்கும்?
எப்படிக் கண்டுபிடிப்பாய்?

தேர்வுப் பிரிவிலிருந்து
திரும்பி வந்திருக்கிறது, சிவப்பு மையில்:
விடைக்குறிப்பு இணைக்கப்படவில்லை.

நாளை அந்தக் கிழக்கு மூலை.
ஜெரோன் வெறுங்காலோடு வருகிறானாம்.